அறுபத்திரண்டு ஸ்லைடும் ஒரு பெட்டி சாக்பீஸும்

இது கடந்த ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை போய்வந்த பயணம். அடுத்த திங்களன்று என் மனைவி கலைவாணிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இன்டர்வியூ. இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஈரோட்டில் மெக்கானிக்கல் விரிவுரையாளராக இருந்தவள், என் வேலைக்காக இங்கே வந்து பதினொரு ஆண்டுகளாக வகுப்பறைப் பக்கமே போகவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் இனி அப்ளை பண்ணவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊர்ப் பழக்கத்தில், வரிவரியாகச் சொல்லி எழுத வைப்பதற்கென்றே லேப்டாப்பில் அறுபத்திரண்டு ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தாள். அந்த லேப்டாப்பை மூட வைக்கத்தான் இந்தப் பயணம்.

காலை 9.10க்கு நாங்கள் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கிளம்பி, டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை வழியாக 35 மைல், 10.05க்கு ஹோபோக்கன். பார்க்கிங் 18 டாலர், வயிறு எரிந்தது. ஆற்றங்கரையை ஒட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியியல் பேராசிரியர் ஒருவரின் நினைவு அறை இருக்கிறது. நுழைவு இலவசம்.

அந்தப் பேராசிரியர் தன் அப்பாவின் நீராவி இயந்திரப் பட்டறையில் வளர்ந்தவர். பொறியியல் படிப்பு என்றாலே கரும்பலகைதான் என்றிருந்த காலத்தில், மாணவர்கள் தங்கள் கையாலேயே இரும்பை முறுக்கி உடைத்துப் பார்க்கட்டும் என்று ஆய்வகம் அமைத்தார். ஓயாத உழைப்பில் உடம்பு நொடித்து வகுப்பை விட்டு விலகியிருக்கிறார். தேறித் திரும்பிவந்து மறுபடியும் பாடம் நடத்தியிருக்கிறார். அதைச் சொல்லும் பலகைக்கு முன்னால் கலை வெகுநேரம் நின்றாள்.

"இவருக்கும் வேலையில கேப் இருந்திருக்குதுங்க," என்றாள்.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் அவருடைய மாணவர்கள் முறுக்கி உடைத்த வார்ப்பிரும்புத் துண்டு. உடைந்த இடம் சுருளாக வளைந்திருந்தது.

"ஏனுங்க, சாக்பீஸை முறுக்குனாலும் இப்படித்தான் உடையும். காலேஜ்ல முறுக்கிப் பாக்குற மெஷின் ரிப்பேராக் கெடந்தப்ப நான் அதை வச்சுத்தான் கிளாஸ் எடுத்தேன். எப்படி மறந்தேன்?"

"அப்ப ஸ்லைடு?"

"நீங்களே வச்சுக்குங்க."

திரும்பும் வழியில் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினோம்.

போக நினைப்பவர்கள் பத்தரைக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் பார்க்கிங்குக்கு அலைய வேண்டும். அறையைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். கையில் தயிர்சாதம் இருந்தால் ஆற்றங்கரை பெஞ்சில் மன்ஹாட்டனைப் பார்த்தபடி சாப்பிடலாம். நாங்கள் சாப்பிட்டோம்.

திங்கள் மாலை கலை வீடு திரும்பியபோது கோட்டுக் கையெல்லாம் வெள்ளைத் தூள். "இன்டர்வியூ எடுத்த அஞ்சு பேரும் ஆளுக்கு ரெண்டு மூணுன்னு முறுக்கிப் பாத்தாங்க. பெட்டியே காலி," என்றாள். வியாழக்கிழமை போன் வந்தது, வேலை கிடைத்துவிட்டது. செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. அந்த இரண்டு நாளும் ராத்திரிச் சமையல் நான்தான். பதினொரு ஆண்டு அவள் விட்டுக்கொடுத்ததற்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.