என் மனைவியின் குரலை நான் நசுக்கிய கதை

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறைதான் ஸ்டுடியோ. மூட்டை இருந்தால் எதிரொலி வராது என்பது நானாகக் கண்டுபிடித்த விஞ்ஞானம். ஆன்லைனில் வாங்கிய ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஒரு பழைய லேப்டாப். மிச்சமெல்லாம் யூடியூப் போட்ட பிச்சை.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு என் மனைவி பாடியதைப் பதிவு செய்தேன். மெட்டும் அவளே கட்டியது. அவள் பாடுவது என் அம்மாவுக்குச் சுத்தமாக ஆகாது. "குடும்பத்துப் பொம்பள ஊரு கேக்கக் கத்துறதா?" என்பாள். அம்மா வாயால் ஒரு தடவையாவது "நல்லாயிருக்கு" என்று வாங்கிவிட வேண்டும் என்பது மனைவியின் ஒன்பது வருட ஆசை. நகை கேட்டிருந்தால்கூட லேசாக முடிந்திருக்கும். பாடியது யாரென்று முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்டுவிட்டு அம்மாவே சொல்லட்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

அவள் பாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. வரியை வாய்க்குள் முனகித் தொடங்குவாள். முடிக்கும்போது வயலுக்கு அங்கிட்டு நிற்கிற என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வீசுவாள். இதற்கு வைத்தியம் கம்ப்ரஸர். ஓங்குகிற சத்தத்தைத் தலையில் தட்டி உட்கார வைக்கும். பிறகு மொத்தத்தையும் தூக்கிவிட்டால் முனகலும் தெளிவாகக் கேட்கும். லிமிட்டர் இன்னும் கறார்ப் பேர்வழி. ஒரு கோட்டைப் போட்டு, அதற்கு மேல் ஒரு சத்தத்தையும் விடாது. இரண்டையும் கொஞ்சமாகப் போட்டால் நல்லது. நமக்கு எதையாவது கொஞ்சமாகப் போட்டுப் பழக்கம் உண்டா? கம்ப்ரஸர் மேல் கம்ப்ரஸர் ஏற்றினேன். லிமிட்டரை மிதிமிதியென்று மிதிக்கவிட்டேன். அவள் மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டி எறிந்தேன். மேடும் பள்ளமுமாகத் திரையில் தெரிந்த ஒலி, செங்கல் மாதிரி ஆகிவிட்டது. என்ன ஒரு திறமை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி ஹெட்போனில் கேட்டுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது நானா?" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நமக்கு மூளை அவ்வளவுதான்.

பொங்கலன்று முற்பகலில் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. அம்மா பொங்கல் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டுன்னா இதுல்ல பாட்டு! எவளோ மெட்ராசுக்காரி போல. நீயுந்தான் பாடுறியே, தொண்டையக் கிழிச்சுக்கிட்டு."

மனைவியின் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் தலையை ஆட்டித் தடுத்தாள். "நீங்க சொல்லித் தெரிய வேணாங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கு வந்ததே கோபம்! எல்லாம் என் மேலேயே.

இலுப்பூரிலிருந்து வந்திருந்த மைக்செட்காரரிடம் ஓடினேன். நான் கை வைக்காத பழைய பதிவும் அவரிடம் கொடுத்திருந்த பென்டிரைவிலேயே இருந்தது. "அண்ணே, ரெண்டாவதப் போடுங்க."

முதல் வரியின் தொடக்கம் ஒருவர் காதிலும் விழவில்லை. முடிவில் அவள் வீசினாள் பாருங்கள், குழாய் கரகரவென்று அலறியது. "அய்யய்யோ, குழா பிஞ்சுரும் தம்பி!" என்று மைக்செட்காரர் வால்யூமைப் பிடித்துத் திருகினார். அவள் மூச்சு வாங்குவது தெரு முக்கு வரைக்கும் கேட்டது.

நான் திரும்பி வருவதற்குள் அம்மா அகப்பையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, இது நீ கத்துறதுல்ல? எவன்டா இவளக் கொண்டாந்து கொழாயில விட்டது? மாரியாத்தாளே எந்திரிச்சு ஓடிருவா! அந்தப் பிள்ளை எம்புட்டு நல்லாப் பாடுச்சு!"

போச்சு, இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் போனேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிற? அம்மா அந்தத் திட்டுத் திட்டுது."

"திட்டட்டுங்க. ரெண்டு வரியில என்னையக் கண்டுபிடிச்சுட்டாங்கல்ல?" என்று அடுத்த சுள்ளியை எடுத்தாள். "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்த மெட்ராசுக்காரிய அழிச்சுருங்க."