பெட்டிக்குக் கீழே விளக்கு

தொண்ணூறுகளில் என் மகளுக்கு அமெரிக்காவில் பிள்ளை பிறந்தது. அங்கே குளிருக்கு வீட்டையே ஹீட்டர் வைத்துச் சூடாக்குவார்கள். சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி வீட்டின் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டும், நிறுத்தும். இங்கே எங்கள் ஊர் பேட்டையில் ஃபேனுக்குக் கீழேயே வேர்த்து வடிகிற எனக்கு இது கதையாகத்தான் பட்டது.

ஒருநாள் காலையில் மகள் போனில் அழுதாள். அங்கே அப்போது சாயங்காலம்.

"யம்மா, பொழுது அடைஞ்சா ஹீட்டர் நின்னுருது. பிள்ளைக்குக் கையும் காலும் சில்லுன்னு கெடக்கு. ஒங்க மருமவன் பெட்டியத் தொறந்து வயரெல்லாம் முறுக்கிப் பாத்துட்டாவ. பகல்ல மெக்கானிக் வந்தா மட்டும் நல்லா ஓடுது."

"ஒம் மாப்பிள்ளை மாதிரிதான், ஆளக் கண்டாத்தான் வேலை செய்யும் போல. சாயங்காலம் நீ என்னட்டி செய்வ?"

"விளக்கேத்துவேன். பெட்டிக்கு நேர் கீழதான் சாமி பலகை இருக்கு."

"அப்ப விளக்குச் சூட்டுல, வெயில் அடிக்குன்னு நெனச்சு அது ஒறங்கிருக்கும்" என்று சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. விளக்கை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு 'டிக்' என்றது. பின்னாலேயே 'உம்'மென்று ஹீட்டர் இரைந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்குக் குளிர் தெரிந்துவிட்டது. எனக்கு இங்கே மயிர்க்கால் சிலிர்த்தது.

"பிள்ளை காலத் தொட்டுப் பாருட்டி" என்றேன்.