அகல்யா தேர்ந்தெடுத்த வெள்ளை வண்டி

அகல்யாவின் கைகள் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் இருந்தன. அச்சில் சுற்றிக்கொண்டிருந்த தலைமுடியைப் பிடித்து இழுத்து, பழைய பனியன் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு உருட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனாள். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸை ஒன்பது வருடமாக ஓட்டுகிறாள். வாரம் ஒருமுறை செய்கிற இந்த வேலையை வேறு யாரிடமும் விட்டதில்லை.

மூன்றாவது சக்கரத்தில் இருக்கும்போது ஹரீஷ் போன் செய்தார். அவர் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது மதுரைக்குக் கொண்டுபோனது அவள்தான், அந்தப் பழக்கம். வீட்டில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடப் போவதாகவும், அவள் வண்டி தேடுவது காதில் விழுந்ததாகவும் சொன்னார்.

காதில் விழாதவர்கள் குறைவு. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டணம் கட்டினால் யாரும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். காலையிலிருந்து மாலைக்குள் ஐந்து தடவை, தடவைக்கு இருபது நிமிடம். ஐந்திலும் வண்டி படுக்காமல், ஒரு சுற்றையாவது ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்தால், புதியவர்கள் குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு ஏற்றுவார்கள். அகல்யா இரண்டு முறை போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் பறக்கிறார்கள் என்று ஊர் நினைக்கிறது. பின்னால் ஒரு ஆள் படுத்திருந்தால் பறக்க முடியாது. ஒன்பது வருடம் அடக்கி அடக்கி ஓட்டியவளுக்கு, தன்னால் எவ்வளவு முடியும் என்று தெரிய வேண்டியிருந்தது.

கணவன் முத்துக்கண்ணன் புதுவயல் அரிசி ஆலை லாரிகளுக்கு மெக்கானிக். அவனிடம் அவளே வைத்த நிபந்தனை இது: சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு கார். முதல் நாளே நடுவில் நின்றுவிட்டால், அதை விற்று அவன் கேட்கிற லோடு ஆட்டோவை வாங்கிவிடுவது. பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஹரீஷ் வீட்டுக்கு இருவரும் போனார்கள். சிவப்புக் கார் பின்கட்டில், கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், வெல்வெட் துணி போர்த்தி நின்றது. துணியை விலக்கியதும் முத்துக்கண்ணனுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. அந்த வீட்டில் எவர்சில்வர் அண்டாவிலிருந்து வெள்ளிக் கிண்ணம்வரை அப்படித்தான்: வாங்கு, பேர் வெட்டு, எண்ணி வை, எடுக்காதே. காரையும் அப்படியே வைத்திருந்தார்கள்.

"ஒரு கீறல் காமிங்க பாப்போம்" என்றார் ஹரீஷ்.

அகல்யா கீறல் தேடவில்லை. குனிந்து டயரின் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்க எண்ணை வாசித்தாள். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று அதில் இருக்கும். காருக்கு என்ன வயதோ டயருக்கும் அதே வயது. நகத்தால் அழுத்தினாள், பதியவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி ரப்பர் குழாய்களை மடக்கிப் பார்த்தாள். மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்பு. பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவர்களை அவள் தூக்கியிருக்கிறாள். வெளியே பார்க்கத் தோல் பளபளவென்று இருக்கும். நிற்க வைத்தால் முழங்கால் தாங்காது. அந்த நினைப்புத்தான் அவளுக்கு வந்தது. ஆனாலும் ஹரீஷிடம் அதைச் சொல்லாமல், யோசித்துப் பதில் தருவதாகச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வழியில் முத்துக்கண்ணன் வெடித்தான். "டயர மாத்தலாம், ட்யூப மாத்தலாம். இப்புடி ஒரு வண்டி நம்ம வாசல்ல நிக்குமா புள்ள?"

"வாசல்ல நிக்கத்தான் நிக்கும். ஒரு சாமான் ஒடைஞ்சா எங்கெருந்து வரும்னு சொல்லுங்க."

அவன் யோசித்தான். வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்று மெதுவாக ஒப்புக்கொண்டான்.

"எனக்கு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு. நீங்க புதுவயல்ல வச்சுக் கழட்டி மாட்டுற வண்டியா வேணும்."

அவள் வாங்கியது சிவகங்கையில், மருந்துக் கடைகளுக்குச் சரக்குப் போடும் குமரப்பனிடமிருந்து. சின்ன வெள்ளைக் கார், பின்கதவில் நசுங்கல், ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. எடை குறைவு, அதனால் பிரேக்குக்கும் டயருக்கும் பாடு குறைவு. தினமும் ஓடிய வண்டி. எந்தத் தேதியில் எந்த ஆயில் மாற்றினார் என்று குமரப்பன் ஒரு நோட்டு வைத்திருந்தார். மிச்சப் பணத்தில் நல்ல டயர் நான்கு, பிரேக் பேட், ஹெல்மெட். முத்துக்கண்ணன் முணுமுணுத்துக்கொண்டே பின்சீட்டைக் கழற்றி எடை குறைத்தான்.

ஹரீஷுக்கு வருத்தம். "எங்க வீட்டுக் கார விட்டுட்டு மருந்துப் பொட்டிய வாங்கிருக்கீகளே" என்றார். தானும் அதே ஞாயிறு வருவதாகவும், கார் என்றால் என்னவென்று தடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு சிவப்புக் கார் லாரியில் ஏறி வந்தது. வெள்ளைக் கார் முந்தின நாள் சனிக்கிழமை மதியம் கிளம்பி, தானே ஓடி வந்தது. தடத்தின் வாசலில் வண்டிகளைச் சோதித்தவர் முன்பக்கம் முத்துக்கண்ணன் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கச் சொன்னார். தொங்குகிற எதுவும் உள்ளே போகக்கூடாதாம். அவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

முதல் தடவை அவளே கடைசி. இரண்டு நிமிடம் நான்கு நொடி. எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். சிவப்புக் கார் மூன்று முறை தாண்டியது. வெளியே வந்தபோது முத்துக்கண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் முகத்தில் லோடு ஆட்டோ தெரிந்தது.

இரண்டாம் தடவை பயிற்சியாளர் முகேஷ் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இரண்டு சுற்று அவள் ஓட்டுவதைக் கவனித்துவிட்டு மூன்றாவதில் கேட்டார்: "ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் உள்கண்ணாடியில எதைப் பாக்குறீங்க?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வளைவு வந்தால் கண் கண்ணாடிக்குப் போகிறது. ஆள் சாய்கிறாரா, ட்ரிப் பாட்டில் ஆடுகிறதா என்று பார்க்கிறது. காலும் வளைவுக்கு நூறு அடி முன்பே பிரேக்கைத் தடவுகிறது. ஒன்பது வருடப் பழக்கம் அவள் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது. அவரிடம் தன் வேலை என்னவென்று சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க கை இவ்வளவு பதமா ஏன் இருக்குன்னு இப்ப புரியுது. ஸ்டீயரிங்க வெடுக்குன்னு ஒடிக்கவே மாட்டேங்குறீங்க. அதை அப்படியே வைங்க. ஆனா பின்னாடி யாரும் இல்லைம்மா. சீட்டே இல்லை."

வெளியே வந்ததும் அகல்யா உள்கண்ணாடியைப் பிடித்துக் கூரையைப் பார்க்கத் திருப்பினாள். பின்னால் வருகிற வண்டிக்கு இரண்டு பக்கக் கண்ணாடி போதும்.

மூன்றாம் தடவை பிரேக்கை வளைவுக்குக் கிட்டே தள்ளிப் போட்டாள். போட்டால் முழுதாகப் போட்டாள். விடும்போது மட்டும் பழைய பதத்தில் விட்டாள். ஒன்று நாற்பத்தொன்று. அந்தத் தடவைதான் தடத்தின் ஓரத்தில் வெள்ளைப் புகையோடு சிவப்புக் கார் நின்றது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. ஹரீஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கி போட்டு இழுத்து வந்தார்கள்.

நான்காவதில் ஒன்று முப்பத்திரண்டு. ஐந்தாவதற்கு முன் முத்துக்கண்ணன் டயரைத் தொட்டுப் பார்த்தான், பிரேக் ஆயிலைப் பார்த்தான், எழுந்து நின்று, "வண்டி கல்லு மாதிரி இருக்கு. நீ போ" என்றான். அவன் அன்றைக்குப் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

ஐந்தாவதில் நேர்ப்பாதையின் முடிவில் யாரைப் பற்றியும் யோசிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வைத்திருந்தாள். வளைவு கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, அப்புறம்தான் பிரேக். வண்டி குனிந்து, திரும்பி, கயிறு பிடித்ததுபோல் வெளியே வந்தது. முன்னால் போன இரண்டு கார்களை அடுத்தடுத்துத் தாண்டினாள். ஹெல்மெட்டுக்குள் தான் சத்தமாகச் சிரிப்பது அவளுக்கே கேட்டது.

ஒரு நிமிடம் இருபத்தேழு நொடி. புதியவர்கள் குழுவில் அன்றைக்கு அதுதான் முதல். முகேஷ் தாளில் கையெழுத்துப் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் குழு என்று எழுதிக் கொடுத்தார். முத்துக்கண்ணன் தாளை வாங்கி, எலுமிச்சம்பழம் இருந்த பைக்குள் மடித்து வைத்தான்.

இழுத்து வந்த காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரீஷ் எழுந்து வந்தார். "மருந்துப் பொட்டின்னு சொன்னது தப்புத்தான் அகல்யா. எங்க வண்டிக்கு என்ன வைத்தியம்னு சொல்லுங்க."

"தெனம் ஓட்டுங்கண்ணே. மார்க்கெட்டுக்காவது எடுத்துட்டுப் போங்க" என்றாள். குழாய்களைப் புதுவயலில் இவர் மாற்றித் தருவார் என்று கணவனைக் காட்டினாள்.

அடுத்த நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் ஒக்கூரில் இருந்தாள். டயாலிசிஸுக்குப் போகும் பெரியவர் சோணையை கூட வந்திருந்த மருத்துவமனை வாட்ச்மேன் செம்மலையோடு சேர்ந்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, மூன்று வாரையும் இறுக்கி, இடுப்புக்கடியில் தலையணை செருகினாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, உள்கண்ணாடியில் அவர் முகம் முழுதாகத் தெரிகிறவரை சரிசெய்தாள். பிறகு நாற்பதுக்கு மேல் போகாமல் காரைக்குடிக்கு ஓட்டினாள்.