ரெண்டாம் மாடிக்கு ஏறிய கற்றாழை

நாவலூரில் ஓர் அபார்ட்மென்ட்டில் நான் தோட்ட சூப்பர்வைசராகச் சேர்ந்த கோடையில் போர்வெல் வெறும் காற்றைத்தான் கக்கியது. குளிக்கவே லாரித் தண்ணீர். இதில் புல்தரைக்கு எங்கே போவது? காய்ந்த புல்லின் நடுவே நின்ற செகரட்டரி சார், "தண்ணி கேக்காத செடியா வைம்மா. ஆனா பாக்க கம்பீரமா இருக்கணும்" என்றார்.

எனக்கு ஊர் படாளம். அங்கே ஒருவர் வேலியில் இருந்த ஆனைக் கற்றாழைகளைப் பிடுங்கப் போவதாகக் கேள்விப்பட்டு, மினி லாரியில் ஏற்றி வந்தேன். மடல் ஒவ்வொன்றும் நீலச் சாம்பல் நிறத்தில் வாள் மாதிரி இருக்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் ஜல்லியும் மணலும் கலந்து மேடு கட்டி நட்டோம். பிள்ளைகள் ஓடும் இடமாயிற்றே என்று மடல் நுனி முள்ளைக் கட்டரால் நறுக்கினோம். அப்புறம் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, செடிகளும் கேட்கவில்லை. செகரட்டரி சார் அவற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில், கேட்டருகே இருந்த செடியின் நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பியது.

"இன்னாம்மா இது, ஒலக்க மாதிரி வந்துகினு கீது?" என்றார் என்னோடு வேலை பார்த்த முருகன் அண்ணன்.

பார்க்கப் பார்க்க ஏறி, ரெண்டாம் மாடி வசந்தா மேடத்தின் பால்கனிக்கு நேரே போய் நின்றது. "காபி குடிக்க வந்தா மூஞ்சிக்கு நேரா நிக்குது. வெட்டுங்க!" என்றார் மேடம். "யாரும் கை வைக்கக் கூடாது. பூத்ததும் கேக் வெட்டறோம்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார் செகரட்டரி.

இந்தப் பஞ்சாயத்து அபார்ட்மென்ட் கமிட்டியின் கூட்டத்துக்கு வந்தது. என் வேலையை நீட்டிப்பதா என்றும் அன்றுதான் பேசுவதாக இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் கேக் வரைக்கும் போய்விட்டதே!

"சார், இது ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிஞ்சா செத்துடும்."

செகரட்டரிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஒடனே வெட்டிடு! செடியாவது பொழைக்கும்ல?"

"பொழைக்காது சார். தண்டு வந்துட்டாலே அவ்ளோதான்."

வசந்தா மேடம் எழுந்தார். "சாகப் போற செடிய வெட்டுவீங்களா? நீங்கல்லாம் மனுஷங்களா?" சற்று முன்புவரை வெட்டச் சொன்னவர் அவர்தான் என்று ஞாபகப்படுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. என் வேலையை மறந்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ வந்தது. தேன்சிட்டுகள் வந்தன. அவற்றைப் பக்கத்தில் பார்க்க ஒரே இடம் மேடத்தின் பால்கனி. "செருப்ப வெளிய விடுங்க, சத்தம் போடாதீங்க" என்று அவர் ஆட்களை வரிசையில் விட்டார். அந்த வரிசையில் செகரட்டரியும் நின்றார்.

பிறகு மடல்கள் தொங்கின, தண்டு காய்ந்தது. நானும் முருகன் அண்ணனும் ரம்பம் போட்டு இறக்கினோம். அடுத்து என்னைத்தான் இறக்குவார்கள் என்று நினைத்தேன். ஆனால் செடியின் அடியைச் சுற்றிக் குட்டிக் கன்றுகள் முளைத்திருந்தன. வசந்தா மேடம் பக்கெட்டோடு முதல் ஆளாக வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கன்று மிச்சமில்லை. அடுத்த கூட்டத்தில் என் வேலையை நீட்டிக்கச் சொன்னதும் அவர்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: செடி எப்படி வளரும் என்று சொல்லும்போதே எப்படி முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கன்றுகளைக் கொடுத்த அன்றே நான் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டியில் கன்றை வாங்கிக்கொண்ட செகரட்டரி சார், "இது எப்பம்மா பூக்கும்?" என்று பயத்தோடு கேட்டார்.

"பத்து, பதினஞ்சு வருஷம் ஆகும் சார். அப்புறம் செத்துடும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப கவலையில்ல. அப்ப வேற செகரட்டரி இருப்பான்."