நான் மறித்த இரண்டாவது பஸ்

தேர்தலில் தோற்ற மறுவாரம் கட்சி ஆபீஸுக்குப் போனேன். வாசலில் செருப்பே இல்லை. ஆட்சியில் இருந்த காலத்தில் செருப்பு விட இடமில்லாமல் ரோடு வரைக்கும் கிடக்கும். என் செருப்பே அந்தக் குவியலில் தொலைந்திருக்கிறது. அன்றைக்கு நடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், ஃபேனை நானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பழைய இரும்பு சுமந்தேன். இன்றைக்கு மாடி வீடு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் இன்ஜினியர்கள். எவன் தயவும் இதில் இல்லை. ஒன்றியச் செயலாளர் பதவியையும் எவன் காலிலும் விழுந்து வாங்கவில்லை. ஒரு பஸ்ஸுக்கு முன்னால் படுத்து வாங்கினேன்.

அந்தக் கதை இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். உருகின இரும்பு தெறித்து எங்களோடு வேலை செய்தவனுக்குக் கை வெந்துபோனது. கம்பெனி அவனை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியது. மறுநாள் காலை ஷிப்ட் பஸ் வரும்போது நான் தனியாக ரோட்டில் மல்லாந்து படுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கொடி பிடிக்கவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் முதலாளியின் கார் வந்தது. வெந்த கைக்காரனை வாட்ச்மேனாக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கட்சி என்னைத் தேடி வந்தது. நான் தேடிப் போகவில்லை.

அப்படிப்பட்ட என்னைத்தான், தோல்வியை ஆராய்கிறோம் என்று போட்ட கூட்டத்தில் மாவட்டச் செயலாளர் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார். அவருக்கு என் மூத்த பிள்ளை வயது. அதுவரை பேசினவர்கள் எதிர்க்கட்சிக்காரன் துட்டு கொடுத்தான், கூட்டணிக்காரன் காலை வாரினான் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் முறை வந்தது.

"தல, உங்க சொந்த ஊரு பூத்துலயே நாம மூணாவது. உள்ளாட்சித் தேர்தல் வருது. அதுக்குள்ள இன்னா பண்ணப்போறீங்க? சொல்லிடுங்க. இல்லாங்காட்டி வேற ஆளு பாக்கணும், வருத்தப்படக்கூடாது."

வருத்தப்படக்கூடாதாம். நான் எழுந்து சொன்னேன்: "அறிக்கை உட்டுக்கினு ஆபீஸ்ல குந்தினா ஓட்டு வராது. ஜனம் எங்க கீதோ அங்க போய்ப் படுக்கணும். உள்ளூர் ஜனத்துக்கு நிரந்தர வேலை குடுன்னு ஷிப்ட் பஸ்ஸை மறிக்கிறேன். மொத ஆளா நான் படுக்கிறேன்."

கை தட்டினார்கள். இத்தனை நாள் அடைகாத்த பதவி, பஸ்ஸை மறிக்கப்போகும் அந்த ஒரு காலைப்பொழுதில் தொங்கியது.

நான் தேர்ந்தெடுத்த கம்பெனியில் கார் பாகங்கள் செய்கிறார்கள். வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள், எல்லோரும் கான்ட்ராக்ட். விடியற்காலை கேட்டுக்கு முன்னால் கொடிகளோடு நின்றோம். போட்டோ எடுக்கிறவரும் வந்துவிட்டார். பஸ் திரும்பியதும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். டயர் என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முதுகில் ஜல்லி குத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டு கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கதவு திறந்தது. முதலில் இறங்கியது எங்கள் தெருப் பெண். அவள் அப்பன் என்னோடு போஸ்டர் ஒட்டினவன். அவள் குனிந்து பார்த்தாள்.

"பெரிப்பா, இன்னா பெரிப்பா இது? எந்திரி."

"உங்களுக்காகத்தாம்மா படுத்துக்கினு கீறேன். எல்லாரையும் ஒக்காரச் சொல்லு."

"ஒக்காந்தா பஞ்ச் உழாது. மூஞ்சி காட்டணும் மிஷின்ல. லேட்டா காட்னா அரை நாள் சம்பளம் பூடும். ரெண்டு மூணு வாட்டி ஆச்சின்னா, நாளைக்கு வராதேன்னுடுவான்."

"அதுக்குத்தாம்மா போராட்டமே. நிரந்தரமாக்கிட்டா எவன் உன்னை வராதேன்னுவான்?"

"நம்ம கட்சி ஆண்டப்பவும் நான் கான்ட்ராக்ட்தான் பெரிப்பா. அப்போ நீ எங்க படுத்துக்கினு இருந்தே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்பவள் போலத்தான் கேட்டாள். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "பெரிசு, நாஷ்டா துன்னியா? வெறும் வயித்துல படுத்தா பித்தம் ஏறிக்கும் நைனா!" சிரிப்பு எழுந்தது. பிறகு எல்லோரும் நடந்தார்கள். ஒருத்திகூட என்னைத் தாண்டவில்லை. சாப்பாட்டுப் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, என்மேல் கால் பட்டுவிடாமல், சுற்றி நடந்து கேட்டுக்குள் போனார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. மிதித்துவிட்டுப் போயிருக்கலாம்.

கடைசியில் டிரைவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணே, வண்டி காலி. இன்னும் படுக்கறியா, நான் ரிவர்ஸ் எடுத்துக்கட்டா?"

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டேன்.

ஆனால் போட்டோ வேறு கதை சொன்னது. நான் ரோட்டில் கிடக்கிறேன், பின்னால் பெண்கள் கும்பலாக இறங்குகிறார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆதரவு தந்த தொழிலாளர்கள் என்று எழுதி எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். மாவட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"தல, சென்னையிலேயே உங்களைப் பத்திக் கேட்டாங்க! இதான் நம்ம ரூட்டு. எல்லா கேட்லயும் அடிச்சுடலாம்."

மறுபடியும் கூட்டம் போட்டார்கள். வாசலில் செருப்பு சேர ஆரம்பித்திருந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பதவி என் கையில். நான் நாலாவது படித்தவன்தான். ஆனால் காலி பஸ்ஸுக்கும் ஆள் இருக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். மைக்கை வாங்கினேன்.

"அவங்க ஆதரவு குடுக்க எறங்கல. வேலைக்கு லேட்டாவுதுன்னு எறங்கினாங்க. நான் மறிச்சது காலி பஸ்ஸு. ஆண்டப்போ எங்க இருந்தேன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. அதுக்கு இன்னா பதில்னு மொதல்ல பேசலாம். அப்பறம் கேட்டுக்குப் போலாம்."

மாவட்டச் செயலாளர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து மைக்கை எடுத்தார். "அண்ணனுக்கு எப்பவுமே தன்னடக்கம் ஜாஸ்தி." எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் ஒருவன் எனக்குத் தன்னடக்கம் இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே எனக்கு அவைத்தலைவர் பதவி கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்களுக்கு இது புரியும். மேடையில் நடு நாற்காலி, கழுத்தில் முதல் மாலை, எதிரில் மைக் கிடையாது. ஒன்றியச் செயலாளராகப் போனவன் தேர்தலுக்கு முன்புதான் வேறு கட்சியிலிருந்து எங்களிடம் வந்தவன். பதவிக்கு வந்ததும் என் வேலையை எடுத்துக்கொண்டான், பஸ்ஸுக்கு முன்னால் படுப்பது உட்பட. ஜல்லி குத்தாமல் இருக்கக் கீழே பேனரை விரித்துக்கொள்கிறான். போட்டோ என்னுடையதைவிட நன்றாக வருகிறது.

போன வாரம் அதே கம்பெனி கேட்டுக்கே மறுபடியும் போனோம். ரோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பஸ் நின்றது, கதவு திறந்தது, பெண்கள் இறங்கினார்கள். பேனரையும் அதன்மேல் கிடந்தவனையும் சுற்றி நடந்தார்கள். எங்கள் தெருப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். நடந்துகொண்டே கேட்டாள்.

"இன்னா பெரிப்பா, ப்ரமோஷனா?"

"ஆமாம்மா" என்றேன். அதற்குள் அவள் கேட்டுக்குள் போய் மிஷினுக்கு மூஞ்சி காட்டிக்கொண்டிருந்தாள்.