ஆறாவது இதழ்

எட்னா ரியோகானோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மரோவோ காயலில் இருபத்தாறு வருடமாகப் படகு மோட்டார் பழுது பார்க்கிறார். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தது ஒரே ஒரு ஒத்திகை. பெண்கள் பக்கம் அவருடைய கட்டைக்குரல் ஒத்துவரவில்லை. ஆண்கள் பக்கம் நிற்கட்டுமா என்று கேட்டார். குழுவை நடத்தும் லூத்தன் மாஸ்டர் இருமிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

போன வருடம் அந்தக் குழுவின் படகு வழியில் சூடேறி நின்று, பாட்டுப் போட்டியில் மேடையே ஏறாமல் திரும்பியது. இந்த வருடமும் பத்து மணிக்குள் போட்டி நடக்கும் சேகே போய்ச் சேர வேண்டும். ஏழு மணிக்கு மோட்டாரைக் கிளப்பினால், அதைக் குளிர்வித்துப் பின்னால் பீய்ச்ச வேண்டிய தண்ணீரைக் காணோம்.

"அண்ணி, இது ஒண்ணுக்கே போக மாட்டேங்குது" என்றான் கொழுந்தன் லெமுவேல். குழுவில் கட்டைக்குரலில் அடிச்சுரம் பாடும் ஒரே ஆள் அவன்தான்.

படகைக் கரைக்கு இழுத்து, மோட்டாரின் கீழ்ப்பகுதியான காலைக் கழற்றி, தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரத்தை எட்னா வெளியே எடுத்தார். ஆறு இதழ் இருக்க வேண்டும். எண்ணினார். ஐந்து.

"புதுசு இருக்குல்ல? மாட்டிட்டுக் கிளம்பலாமே" என்றார் மாஸ்டர்.

"பிஞ்ச துண்டு உள்ள எங்கயோ அடைச்சிருக்கு. அதோட போனா நடுத்தண்ணியில உக்காந்து மீனுக்குத்தான் பாடணும், மாஸ்டர்."

கம்பி விட்டுப் பார்த்தார். வரவில்லை. மணி எட்டேகால். தண்ணீர் வெளியேறும் குழாயின் நுனியை உருவி லெமுவேலிடம் நீட்டினார்.

"உனக்குத்தான் பெரிய நெஞ்சு. ஊது."

லெமுவேல் குழாயைக் கவ்வினான். பழக்க தோஷத்தில் மாஸ்டர் கையை உயர்த்தினார். அந்தக் கை உயர்ந்தால் மொத்தக் குழுவும் மூச்சை உள்ளே இழுக்கும். லெமுவேலும் இழுத்தான்.

உப்புத் தண்ணீர், கருஞ்சேறு, கூடவே ஒரு ரப்பர் துண்டு. எல்லாவற்றையும் தன் வெள்ளைச் சட்டையின் மேலேயே துப்பினான். எட்னா துண்டைப் பொறுக்கிப் பழைய சக்கரத்தில் பொருத்திப் பார்த்தார்.

"ஆறு" என்றார்.

புதுச் சக்கரத்தில் கிரீஸ் தடவி, திருகியபடியே உறைக்குள் அழுத்தி, காலை மாட்டினார். படகைத் தண்ணீரில் இறக்கிக் கிளப்பியதும் மோட்டார் சர்ரென்று தண்ணீரைப் பீய்ச்சியது. எல்லோரும் கைதட்டினார்கள். லெமுவேல் மட்டும் விக்கினான்.

இளநீர் கொடுத்தார்கள். முதுகில் குத்தினார்கள். படகு புறப்பட்டும் விக்கல் நிற்கவில்லை. யாரோ "முதலை!" என்று கத்திப் பயமுறுத்தப் பார்த்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றதில் படகு கவிழப் பார்த்தது, விக்கல் அசையவில்லை.

மாஸ்டர், மோட்டாரைப் பிடித்திருந்த எட்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்னா, அந்தக் குரல் இன்னும் இருக்கா?"

"இருக்கு. கையெல்லாம் கிரீஸு."

"கையால பாடப் போறதில்லயே."

"இருமிக்கிருமிப் பேச்ச மாத்த மாட்டீங்களே?"

ஒன்பது ஐம்பதுக்குச் சேகே போய்ச் சேர்ந்தார்கள். லெமுவேல் படகுக்குக் காவல். அவனுடைய சட்டையைச் சேறு தெரியாமல் உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டு எட்னா ஆண்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார். இவர்கள் குழுவை மூன்றாவதாகக் கூப்பிடுவார்கள்.