படிப்பக விதிக்கும் ஒரு திருத்தம்

தோழிகளே, நமக்குள் கைமாறும் இந்தக் கையெழுத்து ஏட்டில் முதன்முறையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நம் பனியன் ஊரின் ராயபுரம் படிப்பகத்தில் உறுப்பினராகச் சேரப் போனேன்.

"பொம்பளைங்களைச் சேர்க்கறதில்லைங்கிறது விதி கண்ணு. ஆரம்பிச்சவங்க எழுதுனது. நீ பி.ஏ. படிச்சுட்டா மாறிடுமா?" என்றார் செயலாளர்.

நானும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நாட்டோட அரசியல் சட்டத்துலயே திருத்தறதுக்கு வழி வெச்சிருக்காங்க. பின்னால வர்றவங்களுக்கும் யோசனை இருக்கும்னு எழுதுனவங்க நம்புனாங்க. உங்க விதி அதைவிட ஒசத்திங்களா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

"உறுப்பினர் யாராச்சும் தீர்மானம் கொண்டாரட்டும், பாக்கலாம்" என்றார் செயலாளர், எந்த ஆணும் முன்வரமாட்டான் என்ற தைரியத்தில்.

உங்கள் அண்ணன்மார் அங்கே உறுப்பினர்கள்தானே? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எவர் எழுந்து தீர்மானம் சொல்வார் என்று இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள்.

மறுக்கிறவருக்கு அன்று சோறு போடாதீர்கள்.